வெயிலைப் பார்த்து நிற்க வைத்துவிட்டீர்கள்

விமானக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

ஓடுபாதைக்குத் தெற்கே இருந்த புல்வெளியை இந்தக் கோடையில் பொதுமக்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். எங்களையெல்லாம் வடக்குப் பக்கத்துக் கான்கிரீட் தளத்துக்கு மாற்றினீர்கள். நுழைவுச்சீட்டு விற்றபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் வாசலுக்கு வந்து, கையில் கொடுத்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஏன் என்று கேட்டு எழுதினேன். "பாதுகாப்பு மற்றும் நிர்வாகக் காரணங்கள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்காகப் படம் எடுப்பவன் இல்லை. 14 கோடைகளாக உங்கள் கண்காட்சிக்கு வருகிறேன், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய விமானங்களுக்காக மட்டும். சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், சரக்கு விமானமான டகோட்டா, பயிற்சி விமானமான ஹார்வர்ட். ஜெட் விமானங்களின் முறை வரும்போது சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காட்சி நடக்கும் நேரம் முழுக்கச் சூரியன் தெற்கு வானத்தில் இருக்கிறது. தெற்குப் புல்வெளியில் நின்றால் வெயில் முதுகில் அடிக்கும், எதிரே போகிற விமானத்தின் மேல் விழும். வடக்கே நின்றால் வெயில் கண்ணில் அடிக்கும். விமானத்தின் அந்தப் பக்கம் பளபளக்கும், நாம் பார்க்கிற பக்கம் நிழலில் கிடக்கும். இது புரியக் கேமரா தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், முகம் கறுத்துப் போயிருக்கும்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயர் பகல் பன்னிரண்டரைக்கு மேல் கிளம்பியது. இரண்டு முறை நேராகக் கடந்து போனது. மூன்றாவது முறை கூட்டத்தைச் சுற்றி அரைவட்டமாக, நம் பக்கம் சாய்ந்தபடி வந்தது. அந்த வளைவில்தான் அதன் மேற்பகுதி முழுசாகத் தெரியும். நீள்வட்டமாக மெலிந்து முடிகிற இறக்கை, வண்ணத் திட்டுகள், வட்டச் சின்னம், கண்ணாடிக்குள் விமானியின் தலை. ஒரு காட்சியில் இரண்டு அல்லது மூன்று முறைதான் அந்தக் கோணம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நாலைந்து விநாடி. அந்த நாலைந்து விநாடிக்காகத்தான் விடியற்காலையில் கிளம்பி வருகிறோம்.

விமானி அருமையாகப் பறந்தார், அதில் சந்தேகமே இல்லை. என் கேமராவில் இருப்பது வெளிறிய வானத்தில் ஒரு கறுப்பு உருவம். வெளிச்ச அளவை இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, ஏற்றிப் பார்த்தேன். வானம் வெள்ளைக் காகிதமாகிவிட்டது, இறக்கையெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. அந்த நிழலில் எந்த ஸ்பிட்ஃபயரும் எந்த ஸ்பிட்ஃபயராகவும் இருக்கலாம்.

போன வருடம் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட எடுத்து, 80 படங்களை வைத்துக்கொண்டேன். இந்த வருடம் அதைவிட அதிகமாகவே எடுத்தேன். தேறியவை 11. அதிலும் ஆறு, தரையில் சும்மா நின்றுகொண்டிருந்த விமானங்கள்.

"கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்துகொள்ளலாமே" என்று உங்கள் ஊழியர் ஒருவர் அன்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஜெட் என்றால் ஷட்டர் வேகத்தை விநாடியில் 1/1000, 1/2000 பங்கு என்று வைத்து அப்படியே உறைய வைத்துவிடலாம். உறைந்தாலும் ஜெட் ஜெட்டாகத்தான் தெரியும். ப்ரொப்பெல்லர் விமானத்தை அப்படி எடுக்க முடியாது. ஸ்பிட்ஃபயரின் மார்க் 9 என்ற வகையில் இருக்கும் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் பல்சக்கரங்கள் அதைப் பாதியளவுக்கும் கீழே குறைத்துத்தான் ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும். ஏறத்தாழ 1,145 சுற்று, அதாவது விநாடிக்கு 19. ஷட்டர் 1/1000 என்றால் அது திறந்து மூடுவதற்குள் ப்ரொப்பெல்லர் 7 பாகைதான் திரும்பியிருக்கும். நாலு இதழும் கத்தி மாதிரி தெளிவாக நிற்கும். விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போல ஆகிவிடும். 1/125 என்றால் 55 பாகை. அப்போதுதான் சுழற்சி ஒரு மெல்லிய வட்டாகப் பதிவாகும், எஞ்சின் ஓடுகிறது என்பது படத்தில் தெரியும்.

சரி, 1/125இல் எடுப்பது எப்படி? 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற ஒன்றோடு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அதே வேகத்தில் கூடவே போக வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது ஆடிப் போயிருக்கும். இந்த வித்தையே அதுதான், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பிழைத்து வந்த அந்த ஒரு படமும் கறுப்பாக இருந்தால்? நிழலுக்குள் பதிவாகவே ஆகாத வண்ணத்தைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

(செல்போனில் எடுத்தவர்கள் பாடு தனி. அவர்களுடைய படத்தில் ப்ரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். போன் கேமரா காட்சியை ஒரே நேரத்தில் பதியாமல் வரிவரியாகப் படிப்பதால் வரும் வினை அது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.)

வெளிச்சம் போனது ஒன்று, கான்கிரீட் இன்னொன்று. பதினோரு மணிக்கெல்லாம் தளம் அடுப்புக்கல் போலச் சுட்டது. அதிலிருந்து எழும்பும் சூடான காற்று கானலாக ஆடியது. ஓடுபாதையை நோக்கி மெதுவாக உருண்டு போன மஸ்டாங்கின் எழுத்துகள் என் படங்களில் புழுவாக நெளிகின்றன. ஃபோகஸ் தவறிவிட்டதோ என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் என் லென்ஸைப் போல இரண்டு மடங்கு நீளமான லென்ஸ் வைத்திருந்தவர் தன் திரையைக் காட்டினார், அங்கே நெளிவு இன்னும் பெரிது. கானலை எந்த லென்ஸாலும் ஜெயிக்க முடியாது. புல்தரையில் இது இவ்வளவு மோசமாக ஒருபோதும் இருந்ததில்லை.

படம் எடுக்காதவர்களும் கஷ்டப்பட்டார்கள். எனக்கு இடப்புறம் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் டகோட்டாக்களைப் பழுதுபார்த்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. டகோட்டா வந்தபோது புருவத்துக்கு மேல் கையை வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, வெயிலால். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு எஞ்சினும் ஒரே சுதியில ஓடுது, நல்லா வெச்சிருக்காங்க" என்றார். இரண்டு மணிக்கெல்லாம் நாற்காலியை மடித்துக்கொண்டு கிளம்பினார். இன்னும் இருக்கிறதே ஐயா என்றேன். "சத்தம் கேட்டாச்சுப்பா, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் டி.ஹெச். 110 என்ற ஜெட் விமானம் வானத்திலேயே உடைந்து சிதறியபோது பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். 1988 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் விமானங்கள் மோதி, அவற்றில் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்ததில் 70 பேர். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரமில் ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய ஜெட் ஒன்று விழுந்து இறந்த 11 பேரும் விமான நிலையத்துக்கு வெளியே சாலையில் இருந்தவர்கள். கூட்டத்துக்கும் விமானம் பறக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, கூட்டத்தை நோக்கிப் பாய்கிற மாதிரியான சாகசங்களுக்கான தடை, இதெல்லாம் இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு வந்தவை அல்லது இறுகியவை. விமானங்கள் முன்பைவிடத் தள்ளிப் பறக்கின்றன என்று நம்மில் சிலர் முணுமுணுப்பதுண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. தள்ளியே பறக்கட்டும்.

ஆனால் உங்கள் பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தெற்குப் புல்வெளி மக்கள் நிற்க ஆபத்தான இடம் என்றால் அது இந்த ஆண்டு காலியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? காலியாக இல்லை. வெள்ளைக் கூடாரங்கள் நின்றன. விருந்தினர்கள் மேஜை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் மேற்கு ஓரத்தில் ஒரு மரமேடை, "புகைப்படக்காரர் மேடை" என்ற பலகையோடு. பொது நுழைவுச்சீட்டைப் போல மூன்று மடங்கு கொடுத்தவர்கள் அங்கே நின்றார்கள், வெயில் முதுகில் அடிக்க. ஓடுபாதையிலிருந்து அந்தக் கூடாரங்கள் இருந்த தூரம், நாங்கள் 13 வருடம் நின்ற வேலி இருந்த அதே தூரம். வேலிக்கால்களைக்கூட நீங்கள் மாற்றவில்லை. மூன்று மடங்கு கொடுத்தவர் மேல் விமானம் விழாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கூட்டம் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு சுற்றையும் முடித்துவிட்டு விமானி ஆளில்லாத பக்கம் திரும்பிப் போகலாம். இரண்டு பக்கமும் ஆட்களை வைத்தால் அவர் எந்தப் பக்கம் திரும்புவார்? அனுமதி வாங்கித்தான் செய்திருப்பீர்கள், தூரக் கணக்கைக் காட்டியிருப்பீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லை எங்களை நகர்த்தும்போது மட்டும் எடுத்து, கூடாரம் போடும்போது மடித்து வைத்துவிட்டீர்கள். பணம் தேவைப்பட்டது என்று நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. 1940களின் எஞ்சினை ஓட வைப்பது எவ்வளவு செலவு பிடித்த வேலை என்று எங்களுக்கும் தெரியும். விமான உரிமையாளர்களுக்குக் கொடுக்க வேண்டும், எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் கொடுக்க வேண்டும். நுழைவுச்சீட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், முனகிக்கொண்டே கொடுப்போம்.

உங்கள் இந்த ஆண்டுச் சுவரொட்டியை எடுத்துப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் சாய்ந்து வருகிறது, இறக்கையின் மேல் மாலை வெயில், ஒவ்வொரு ஆணித்தலையும் எண்ணலாம். ப்ரொப்பெல்லர் அழகான வட்டு. அதை எடுத்தவரை எனக்குத் தெரியும். இரண்டு கோடைக்கு முன்னால் தெற்குப் புல்வெளியில் என் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றவர். நீங்கள் கேட்டதும் காசு வாங்காமல் கொடுத்தார். இந்த வருடம் அவரும் வடக்கே, என் பக்கத்தில், வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். நுழைவாயிலில் தன் படம் ஆளுயரத்துக்குத் தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

ஒரு பொழுதுபோக்குக்காக இவ்வளவு சத்தமா என்று உங்களில் யாராவது நினைக்கலாம். பழைய விமானங்களின் விஷயம் அப்படி இல்லை. 7,377 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன. இன்று பறப்பவை இரண்டு. பி-29 குண்டுவீச்சு விமானங்களை ஏறத்தாழ 4,000 கட்டினார்கள், பறப்பவை அதிலும் இரண்டுதான். மரத்தால் செய்த மொஸ்கிட்டோ என்ற போர் விமானத்தின் கதை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். 1996 ஜூலையில் இங்கிலாந்தின் பார்ட்டனில், கண்காட்சியில் பறந்துகொண்டிருந்தபோதே, அந்நாட்டில் பறக்கும் நிலையில் எஞ்சியிருந்த கடைசி மொஸ்கிட்டோ விழுந்து உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். பிறகு 2012இல் நியூசிலாந்தில் புதுப்பித்த ஒன்று எழும்பும்வரை உலகில் எங்கும் ஒரு மொஸ்கிட்டோ பறக்கவில்லை. அந்த 16 ஆண்டும், மொஸ்கிட்டோ வானத்தில் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்குக் காட்ட இருந்தவை பழைய படங்களும் படச்சுருள்களும்தான். வேலிக்குப் பின்னால் நின்று யாரோ எடுத்தவையும் அதில் சேர்த்தி.

2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லஸ் கண்காட்சியில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் ஒரு பி-63 சண்டை விமானமும் நடுவானில் மோதி ஆறு பேர் இறந்தபோது, விசாரணை அதிகாரிகள் முதல் வேலையாகப் பார்வையாளர்களிடம் படங்களையும் காணொளிகளையும் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். எந்த விமானம் எங்கே, எந்த உயரத்தில், எப்படித் திரும்பியது என்று பார்க்க அவை தேவைப்பட்டன. அப்படி ஒரு நாள் உங்களுக்கு வரவே வேண்டாம். வந்தால், வெயிலைப் பார்த்து எடுத்த கறுப்பு உருவங்களை வைத்துக்கொண்டு யார் என்ன கண்டுபிடிப்பார்கள்?

இவ்வளவு பெரிய காரியங்களை விடுங்கள், சின்ன ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு உங்கள் கண்காட்சியில் மிகவும் பிடித்த நிமிடம் வானத்தில் நடப்பதில்லை, ஹார்வர்டைக் கிளப்பும் நிமிடம் அது. வேலிக்கு முப்பது அடி தள்ளி, புல்லின் ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள். மூக்குக்குக் கீழே ஒரு தகரத் தட்டு, அதில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். "சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம்" என்பது அந்த மெக்கானிக் ஒவ்வொரு வருடமும் சொல்லும் ஜோக். சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கிய இந்த மாதிரி எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களுக்குள் இறங்கிச் சேர்ந்துவிடும். அப்படியே கிளப்பினால் உள்ளே எதையாவது வளைத்துவிடும். அதனால் இரண்டு பேர் முதலில் ப்ரொப்பெல்லரைக் கையால் பிடித்து, ஒவ்வொரு இதழாகத் தள்ளிச் சுற்றுவார்கள். பெரிய மாவாட்டுக்கல்லைச் சுற்றுகிற மாதிரி முதுகு வளைந்து, நிதானமாக. அப்புறம் விலகி நிற்பார்கள், விமானி கையைக் காட்டுவார். ப்ரொப்பெல்லர் தயங்கித் தயங்கி நகரும், ஒரு இருமல், இன்னொரு இருமல், திடீரென்று குபீரென்று நீலப் புகை. அந்தப் புகைக்குள் பக்கவாட்டு வெயில் புகுந்து வெளியே வரும் பாருங்கள், அந்த ஒரு ஃப்ரேம் போதும் எனக்கு.

இந்த ஆண்டு ஹார்வர்டைக் கூடாரங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தீர்கள். இருமலைக் கேட்டேன். கூடாரத்தின் கூரைக்கு மேலே புகை எழும்பியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

நேர அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. பழைய விமானங்களையெல்லாம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் முடித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் ஜெட் விமானங்களுக்குக் கொடுத்தீர்கள். உச்சி வெயிலில் எந்தப் பக்கம் நின்றாலும் இறக்கையின் அடிப்பகுதி இருட்டுத்தான். ஜெட்டுக்கு வெளிச்சம் எப்படி இருந்தாலும் கூட்டம் கைதட்டும், மாலை வெயில் தேவைப்படுவது வண்ணம் பூசிய பழைய விமானங்களுக்கு. காற்றும் அவற்றின் பக்கம்தான். வால்சக்கரம் வைத்த இலகுவான விமானங்களுக்குப் பக்கக்காற்று ஆகாது. இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் 1909, 1910ஆம் ஆண்டு விமானங்களைக் காற்று அடங்கும் மாலைக்காகக் காத்திருந்துதான் வெளியே எடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். விடிவதற்கு முன் வந்து வேலியோரம் முழுக்க இடம்பிடித்துக்கொள்கிறவர்கள் எங்களில் உண்டு. ஏணி கொண்டுவந்து பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தவர்கள் உண்டு. போன வருடம் ஒரு குழந்தையின் தலைக்கு மேலேயே லென்ஸை நீட்டி வைத்திருந்த ஒருவரிடம் அந்தக் குழந்தையின் அம்மா சண்டை போட்டார். நியாயமான சண்டை. இந்த ஆண்டு நீங்கள் ஏணியைத் தடை செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதே பலகையில், கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் தாங்கியையும் சேர்த்துத் தடுத்ததுதான் புரியவில்லை. அது ஒரு கைத்தடி அளவு இடம்தான் பிடிக்கும். மூன்று கிலோ லென்ஸை நாள் முழுக்கச் சுமக்கும் வயதானவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

இனி நான் கேட்பவை.

அடுத்த கோடையில் தெற்குப் புல்வெளியைப் பொதுமக்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். முழுசாக முடியாது என்றால் மேற்குப் பாதியையாவது கொடுங்கள், கூடாரங்கள் கிழக்குப் பாதியில் இருக்கட்டும். வேலியை ஒட்டிய முதல் மூன்று வரிசையைக் குழந்தைகளுக்கும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் ஒதுக்கிவிட்டு எங்களைப் பின்னால் நிறுத்தினாலும் சம்மதம். வானத்தில் பறப்பதைப் படம் எடுக்க முன்வரிசை தேவையில்லை, வெயில் சரியான பக்கத்தில் இருந்தால் போதும்.

பாதுகாப்புதான் காரணம் என்று இன்னும் சொல்வீர்களானால், எந்த விதி, எத்தனை மீட்டர், அது கூடாரங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். படித்து, நியாயமாக இருந்தால் இதே போல எல்லோரும் பார்க்கும்படி என் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

இடம் எதுவானாலும், நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்குகிற நாளிலேயே வரைபடத்தை வெளியிடுங்கள். கூட்டம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பது அதில் இருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அந்தப் பெரியவர் கறுப்புக் கண்ணாடியாவது கொண்டுவந்திருப்பார், அல்லது வராமலே இருந்திருப்பார்.

இரண்டு நாள் காட்சியில் ஒரு நாளாவது பழைய விமானங்களை நாலு மணிக்கு மேல் பறக்க விடுங்கள். ஒற்றைக்கால் தாங்கியை அனுமதியுங்கள், ஏணித் தடை அப்படியே இருக்கட்டும். ஹார்வர்டை மக்கள் கண்ணில் படும் இடத்தில் கிளப்புங்கள்.

அடுத்த ஆண்டுக்கான திட்டக் கூட்டத்தில் பொதுச்சீட்டு வாங்கி வருபவர்கள் இருவருக்கு இடம் கொடுங்கள். ஒருவர் படம் எடுப்பவர், இன்னொருவர் எடுக்காதவர். யார் என்பதை நீங்களே குலுக்கல் போட்டு எடுத்துக்கொள்ளலாம், நானாக இருக்க வேண்டும் என்று இல்லை.

முன்கூட்டிய நுழைவுச்சீட்டு விற்பனையை நீங்கள் அறிவிப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். இந்த முறை இரண்டு வரியாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
14 கோடைகளாகப் பொதுச்சீட்டில் வரும் ஒருவன்